மணவாளக்குறிச்சி மணல் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எங்கே தேடுவது? 'பியர் ரிவ்யூ' ஆனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சின்னவிளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் மணவாளக்குறிச்சி பக்கம் சின்னவிளை. எங்கள் கடற்கரையில் கிடக்கும் கறுப்பு மணலின் இயற்கைக் கதிர்வீச்சைத்தான் புராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் யாருக்காவது புற்றுநோய் வந்துவிட்டால் முதல் பேச்சே மணலைப் பற்றித்தான். இன்னொரு பக்கம், இதெல்லாம் வெறும் பயம், ஒன்றும் கிடையாது என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. உண்மையில் என்னதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கைடு ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: பியர் ரிவ்யூ ஆன கட்டுரைகள் மட்டும்தான் ரெஃபரன்ஸில் வரலாம், பேப்பர் செய்தியும் யூடியூபும் கூடாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கூகுளில் தேடினால் பாதி செய்தி, பாதி போராட்ட வீடியோ. நல்லதாக ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் படிக்க முப்பது நாற்பது டாலர் கேட்கிறது. சும்மா திறக்கிறவற்றில் பாதி 'இன்டர்நேஷனல் ஜர்னல்' என்று பெரிய பெயரோடு இருக்கின்றன, உள்ளே எழுத்துப்பிழை. இதற்கிடையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது: மூன்று நாளில் உங்கள் கட்டுரை பிரசுரம், பியர் ரிவ்யூட், ஐ.எஸ்.எஸ்.என். உண்டு.

ஒரு கட்டுரை பியர் ரிவ்யூ ஆனது என்று எதை வைத்துச் சொல்வது? பணம் கட்டாமல் படிக்க வழி உண்டா? எங்கள் நூலகத்துச் சுவரில் 'என்-லிஸ்ட்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அது என்னவென்று யாராவது சொல்லுங்களேன்.

பரளியாறு:

தங்கச்சி, கூகுள் ஸ்காலரில் தேடு. சாதா கூகுள் வேண்டாம். ஸ்காலரில் வருவது எல்லாமே பியர் ரிவ்யூ ஆனதுதான். நான் எம்.ஃபில். அதை வைத்துத்தான் முடித்தேன்.

புத்தகத்தட்டு:

தம்பி பரளியாறு சொன்னதில் ஒரு திருத்தம். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இதையே நம்பிக்கொண்டு வருவதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கூகுள் ஸ்காலர் பார்ப்பதற்கு ஆய்வுக் கட்டுரை போல இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். முனைவர் பட்ட ஆய்வேடு, மாநாட்டில் வாசித்த இரண்டு பக்கச் சுருக்கம், இன்னும் யாருமே மதிப்பிடாத முன்வரைவு, காசு வாங்கிப் போடும் போலி இதழ், எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். மதிப்பாய்வு (பியர் ரிவ்யூ) ஆனதை மட்டும் காட்டு என்று சொல்ல அதில் பொத்தானே கிடையாது. தேடத் தொடங்க நல்ல இடம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சலித்தெடுப்பது நம் வேலை.

மக்களே, பியர் ரிவ்யூ என்றால் நடப்பது இதுதான். ஒருவர் கட்டுரையை இதழுக்கு அனுப்புகிறார். இதழாசிரியர் முதலில் பார்க்கிறார். இதழுக்குப் பொருந்தாதது அங்கேயே திரும்பிவிடும். மிஞ்சியது அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்குப் போகும். பெரும்பாலும் அவர்கள் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. சில இதழ்களில் எழுதியவர் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் திருத்தி அனுப்ப வேண்டும். சில நேரம் இது இரண்டு சுற்று, மூன்று சுற்று போகும். அதற்குப் பிறகுதான் ஏற்பு, அல்லது நிராகரிப்பு. இதற்குச் சாதாரணமாக மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாள் விளம்பரத்தைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் தடயம் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். தலைப்புக்குக் கீழேயோ பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் மூன்று தேதி போட்டிருப்பார்கள்: பெற்ற நாள், திருத்தி வந்த நாள், ஏற்ற நாள். எல்லா இதழும் போடாது, ஆனால் போட்டிருந்தால் முதலில் அதைப் பார். மார்ச்சில் பெற்று, ஜூலையில் திருத்தி, ஆகஸ்ட்டில் ஏற்றதென்றால் நடுவில் யாரோ உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். திங்கள் பெற்று வியாழன் ஏற்றிருந்தால் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் இதழின் தளத்துக்குப் போய் மதிப்பாய்வு எப்படி நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்களா பார். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் எந்த நிறுவனம் என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் பக்கத்தில் அவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்றும் தேடு. ஐ.எஸ்.எஸ்.என். என்பது வெறும் அடையாள எண். சினிமாப் பத்திரிகைக்கும் அது உண்டு. 'யு.ஜி.சி. கேர் பட்டியலில் உள்ளது' என்று இன்னும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். ஏற்கத்தக்க இதழ்கள் என்று வைத்திருந்த அந்தப் பட்டியலை யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கைவிட்டதாக 2025 பிப்ரவரியிலேயே அறிவித்தாகிவிட்டது.

போலி இதழ் என்பது மிகைப்படுத்திச் சொல்கிற விஷயம் இல்லை. 2013-இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதற்காகத் திறந்த அணுக்கம் என்றாலே போலி என்று நினைத்துவிடாதே. இலவசமாகக் கிடைக்கும் நல்ல இதழ்கள் நிறைய உண்டு. உன் பொருளுக்கே 'ரேடியேஷன் புரொடெக்ஷன் அண்ட் என்விரான்மென்ட்' என்று நம் நாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்தின் இதழ் இருக்கிறது. 'கரன்ட் சயன்ஸ்' 1932-லிருந்து வருகிறது. இரண்டையும் காசில்லாமல் படிக்கலாம்.

இன்னொன்று, இதில் கல்லூரி ஆசிரியர்களே சறுக்குவதுண்டு. மதிப்பாய்வு இதழில் வந்த எல்லாமே மதிப்பாய்வு ஆனது கிடையாது. தலையங்கம், நூல் மதிப்புரை, ஆசிரியருக்குக் கடிதம், செய்திக் குறிப்பு இவையெல்லாம் அதே இதழில்தான் வரும், பெரும்பாலும் வெளி ஆளிடம் போகாமலே. தரவுத்தளத்தில் மதிப்பாய்வு என்று டிக் போட்டாலும் அது இதழைத்தான் சலிக்கும், கட்டுரையின் வகையைச் சலிக்காது. முறை, முடிவு, விவாதம் என்று பிரித்து எழுதியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடு.

இனி என்-லிஸ்ட். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) நடத்தும் திட்டம். உன் கல்லூரி உறுப்பினராக இருந்தால் நூலகர் உன் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டால் போதும், உனக்கென்று ஒரு லாகின் வரும். சின்னவிளையில் வீட்டில் உட்கார்ந்து ஃபோனிலேயே ஆயிரக்கணக்கான மின்னிதழ்களைத் திறக்கலாம். அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது என்றால் கல்லூரி உறுப்பினர் என்றுதான் அர்த்தம். நாளைக்கே போய்க் கேள். இது உன் கல்லூரி உனக்காகப் பணம் கட்டி வைத்திருப்பது, யாரிடமும் தயவு கேட்கிற வேலை இல்லை. கேட்க ஆள் வராமல் இந்த லாகின்கள் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இதைவிடப் பெரியது 'ஒரே நாடு ஒரே சந்தா', அரசே மொத்தமாகச் சந்தா கட்டி இதழ்களைத் திறந்துவிடும் திட்டம். 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். ஆனால் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது வந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் உதவிபெறும் கல்லூரிகள்தான் அதிகம் என்பதால் நிறையப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். அது சரியில்லை என்பது என் கருத்து. உனக்கு அவசியமான கட்டுரை என்-லிஸ்ட்டில் திறக்கவில்லை என்றால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்.

எங்கே தேடுவது என்றால், உடல்நலம் சம்பந்தப்பட்டதற்கு பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணை. அட்டவணை முழுக்க இலவசம். முழுக் கட்டுரை அதன் இலவசக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் இருந்தால் வலது பக்கம் இணைப்புக் காட்டும். கதிர்வீச்சுக்கென்றே சர்வதேச அணுசக்தி முகமையின் 'ஐனிஸ்' தரவுத்தளம் 1970-லிருந்து இருக்கிறது, இலவசம். பழைய அறிக்கைகள் வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடைக்கும். அறிக்கை வேறு, மதிப்பாய்வு ஆன கட்டுரை வேறு என்பதை மட்டும் மனதில் வை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலை ஆய்வேடுகளும் இருக்கின்றன. உன் கைடு கேட்கிற வகையில் ஆய்வேடு சேராது, ஆனால் அதன் கடைசி அத்தியாயத்து நூற்பட்டியலை எடுத்தாலே உனக்குப் பாதித் தேடல் மிச்சம்.

தேடும் சொல்லில்தான் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தை ஒரு 'என்' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள். மணவாளக்குறிச்சியின் கடைசி எழுத்து சிலருக்கு 'ஐ', சிலருக்கு 'ஒய்'. ஒன்றை மட்டும் அடித்தால் மற்றது வராது. எல்லா வடிவத்தையும் நடுவில் 'ஆர்' (OR) போட்டு அடைப்புக்குள் வை; பிறகு 'அண்ட்' (AND) போட்டு மொனசைட் (நம் மணலில் உள்ள, தோரியம் கொண்ட கனிமம்), தோரியம், இயற்கைக் கதிர்வீச்சு என்பதற்கான ஆங்கிலச் சொற்களைச் சேர். 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர்-கொச்சியில், அதற்கும் முன் திருவிதாங்கூரில் இருந்தோம்; பழையதைத் தேடினால் அந்தப் பெயர்களையும் போட்டுப் பார். மொனசைட் இங்கே 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியரால் அடையாளம் காணப்பட்டது என்பதால் அந்தக் காலத்து எழுத்தெல்லாம் 'திருவிதாங்கூர்' என்ற பெயரில்தான் கிடக்கிறது.

சின்னவிளைக்காரி:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. எங்கள் நூலகர் அன்றைக்கே லாகின் போட்டுக் கொடுத்துவிட்டார். நீங்கள் சொன்னபடி 'ஆர்' போட்டுத் தேடியதும் முன்பு வராத கட்டுரைகள் வந்தன.

இப்போது வேறு குழப்பம். கேரளக் கடற்கரை பற்றி மூன்று கட்டுரை கிடைத்தது. 1976-இல் 'நேச்சர்' இதழில் வந்தது, கதிர்வீச்சு அதிகமுள்ள பகுதியில் டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்கிறது. 1999-இல் 'ரேடியேஷன் ரிசர்ச்' இதழில் வந்தது, பிறந்த குழந்தைகள் 36,805 பேரைப் பார்த்தோம், பிறவிக் குறைபாட்டுக்கும் கதிர்வீச்சு அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்கிறது. 2009-இல் 'ஹெல்த் ஃபிசிக்ஸ்' இதழில் வந்தது, கருநாகப்பள்ளியில் புற்றுநோய் கூடவில்லை என்கிறது. மூன்றுமே நல்ல இதழ்தானே? அப்படியானால் எதை நம்புவது? வீட்டில் அம்மா கேட்டால் என்ன சொல்வது?

கோட்டாறு வாத்தியார்:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய், மகளே. நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இதழ்களுக்கு மதிப்பாய்வும் செய்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

மதிப்பாய்வாளர் கையில் இருப்பது தாள் மட்டும். உன் மணலை நாங்கள் அள்ளிப் பார்ப்பதில்லை, உன் கருவியைத் தொடுவதில்லை, எண்ணை மறுபடி எடுப்பதில்லை. எழுதியிருப்பது ஒன்றோடொன்று பொருந்துகிறதா, சொன்ன முடிவைச் செய்த வேலை தாங்குகிறதா, இவ்வளவுதான் பார்க்க முடியும். உதாரணமாக உன் மாதிரிக் கட்டுரை என்னிடம் வந்தால், மணலை எந்த மாதம் எடுத்தாய் என்று முதலில் கேட்பேன். தென்மேற்குப் பருவத்தில் அலை அடித்து இலேசான மணலை இழுத்துக்கொண்டு போய், கனமான கறுப்பு மணலை ஒதுக்கி வைத்துவிடும். ஆகஸ்ட்டில் அள்ளிய மணலும் பிப்ரவரியில் அள்ளிய மணலும் ஒரே எண் தராது. அலை தொடும் இடத்திலா, மேட்டிலா என்றும் சொல்ல வேண்டும். டப்பாவைக் காற்றுப் புகாமல் அடைத்து ஏறக்குறைய நான்கு வாரம் வைத்த பிறகு காமா கதிரை எண்ணினாயா என்பது அடுத்த கேள்வி. ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயுவும் அதன் சேய்த் தனிமங்களும் ரேடியத்தோடு சமநிலைக்கு வர அவ்வளவு நாள் வேண்டும். வைக்காமல் எண்ணினால் ரேடியத்தின் அளவு குறைவாக வரும். எந்தத் தரமாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்த்தாய், பின்னணியை எவ்வளவு நேரம் எண்ணிக் கழித்தாய். இதெல்லாம் எழுதாத கட்டுரையை நான் திருப்பி அனுப்புவேன். எல்லாம் எழுதியிருந்தும் எண்ணே பொய் என்றால் என்னால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998 'லான்செட்' கட்டுரையும் மதிப்பாய்வைத் தாண்டி வந்ததுதான். அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது.

அதனால் ஒரு கட்டுரை மதிப்பாய்வு ஆனது என்றால், படிக்கத் தகுதியானது என்று எடுத்துக்கொள். தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

இப்போது உன் மூன்று கட்டுரை. 1976 கட்டுரை வந்த பிறகு, அது ஒப்பீட்டுக்கு எடுத்த மக்கள்தொகை சரியா என்று கேள்வி எழுந்தது. டவுன் சிண்ட்ரோமில் தாயின் வயது பெரிய காரணி என்பதையும் மறக்கக் கூடாது. 1999 கட்டுரை மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பார்த்தது. எண்ணிக்கையும் பெரிது, முறையும் வேறு. அதைச் செய்தவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள். அதற்காகத் தள்ளிவிடவும் வேண்டாம், அதை மறைக்கவும் வேண்டாம். யார் செய்தார்கள், யார் பணம் என்று உன் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடு.

2009 கட்டுரையின் சுருக்கத்தைக் கடைசி வரி வரை படி. 30 முதல் 84 வயது வரை உள்ள 69,958 பேரை சராசரியாக பத்தரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 1,379 புற்றுநோய் பதிவானது. நிலத்திலிருந்து வரும் காமாவால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்கிறார்கள். ஆனால் முடிவில் அவர்களே சொல்கிறார்கள்: கதிர் அளவு குறைவு என்பதால் புள்ளியியல் வலிமை போதாமல் இருக்கலாம், இருந்தாலும் இதே போல் இயற்கைக் கதிர்வீச்சு அதிகமுள்ள சீனாவின் யாங்ஜியாங் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால், குறைந்த அளவுக் கதிர்வீச்சின் ஆபத்து, இப்போது நாம் மதிப்பிடுவதைவிட வெகு அதிகமாக இருக்க வாய்ப்பில்லை என்று. ஆபத்தே இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைத் தூக்கிவிட்டுத்தான் இரண்டு தரப்பும் மேடையில் பேசுகின்றன.

அம்மாவிடம் இப்படியே சொல்லலாம்: பெரிய ஆய்வு ஒன்று பக்கத்து மாநிலத்தில் நடந்தது, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை, சின்ன வித்தியாசம் இருந்தால் அந்த ஆய்வுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

பரளியாறு:

புத்தகத்தட்டு அண்ணாச்சி, ஸ்காலர் பற்றிச் சொன்னது புரிந்தது. ஒரு கட்டுரைக்குப் பிறகு மறுப்பு வந்ததா, திரும்பப் பெற்றார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாத்தியார் சொன்னது போல எல்லாருக்கும் பழைய கதை தெரியாதே.

புத்தகத்தட்டு:

இதற்குத்தான் நான் ஸ்காலரையே பயன்படுத்துவேன். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அதை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரு எண் இருக்கும். அதை அழுத்தினால் பிறகு வந்தவை எல்லாம் வரிசையாக வரும். 1976 கட்டுரைக்கு அப்படி அழுத்து. ஆதரித்ததும் எதிர்த்ததும் ஒன்றாகக் கிடைக்கும். தலைப்பு சின்னதாகவும் பக்கம் ஒன்றாகவும் இருந்தால் பெரும்பாலும் அது கடிதம். கடிதம்தானே என்று விட்டுவிடாதே, சண்டை நடப்பதே அங்கேதான். மேற்கோள் காட்டும்போது மட்டும் அது கடிதம் என்று எழுதிவிடு.

திரும்பப் பெற்ற கட்டுரை என்றால் பப்மெட்டில் தலைக்கு மேலேயே சிவப்பில் அறிவிப்பு நிற்கும். பதிப்பகத்தின் பக்கத்தில், கட்டுரையைத் திருத்தினார்களா, திரும்பப் பெற்றார்களா என்று காட்டும் 'கிராஸ்மார்க்' பொத்தான் இருந்தால் அதையும் அழுத்திப் பார். 'ரிட்ராக்ஷன் வாட்ச்' என்று தனித் தரவுத்தளமே உண்டு. 2023-இல் டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு அதை வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை (நிரந்தர அடையாள எண்) போட்டால் போதும். பழைய பி.டி.எஃப். ஒருவர் ஃபோனிலிருந்து இன்னொருவர் ஃபோனுக்கு வந்தால் இந்த அறிவிப்பு எதுவும் கூட வராது, அதனால் கையில் பி.டி.எஃப். இருந்தாலும் ஒரு தடவை இதழின் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

காசு கேட்கும் கட்டுரைக்கு இன்னும் இரண்டு வழி. ஸ்காலரில் 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் திறந்தால் சில நேரம் எழுதியவரின் நிறுவனப் பக்கத்தில் இலவசப் படி இருக்கும். இல்லாவிட்டால் தொடர்புக்கான கட்டுரையாசிரியரின் மின்னஞ்சல் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இந்தக் கல்லூரி, இந்தப் பொருளில் புராஜெக்ட் செய்கிறேன், உங்கள் கட்டுரையின் படி கிடைக்குமா என்று நாலு வரி எழுது. பெரும்பாலோர் சந்தோஷமாக அனுப்புவார்கள். அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிக்க ஒரு மாணவி இருக்கிறாள் என்பது அவர்களுக்கும் பெரிய விஷயம்தான்.

சின்னவிளைக்காரி மக்களே, உனக்கு ஒன்று. நான் பார்த்தவரை மணவாளக்குறிச்சி பற்றி வந்தவற்றில் மணலிலும் காற்றிலும் கதிர் அளவை அளந்த கட்டுரைகள்தான் அதிகம். மக்களின் உடல்நலம் பார்த்த பெரிய ஆய்வுகள் கேரளப் பக்கம் நடந்தவை. உன் அறிக்கையில் இரண்டையும் தனித்தனிப் பத்தியாக வை. கருநாகப்பள்ளி முடிவைக் காட்டும்போது ஊர்ப் பெயரைச் சேர்த்தே எழுது; நம் கடற்கரையில் செய்தது போலத் தோன்றிவிடக் கூடாது. வைவாவில் முதலில் தோண்டுகிற இடம் அதுவாகத்தான் இருக்கும். 'ஹெல்த் ஃபிசிக்ஸ்' முழுக் கட்டுரை உன் லாகினில் திறக்காவிட்டால் இங்கேயே சொல், எந்த நூலகத்தில் கேட்கலாம் என்று பார்ப்போம்.